எச்சத்தில் தொடங்கும் வேட்டை

முதுமலைக் காட்டுக்குள் இரண்டு வண்டித்தடங்கள் சேரும் முக்கில், காலையில் ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு எச்சங்கள் கிடப்பதைக் காணலாம். சில ஈரம் காயாதவை. சில வெயிலில் வெளுத்து, வெறும் மயிர்த்திரளாக எஞ்சியவை. புலியும் சிறுத்தையும் தனித்தனியே வழிநெடுக அடையாளம் வைத்துப் போகும். செந்நாய்கள் கூட்டமாக வந்து, கூட்டமாகக் கழித்துவிட்டு, அதே முக்குக்கு மறுபடியும் மறுபடியும் வரும். வேட்டைத் தடுப்புக் காவலருக்கு அது கூட்டம் இந்தப் பக்கம் வந்துபோனது என்ற தகவல். ஆய்வாளருக்கு, அந்தக் கூட்டம் எதைத் தின்றது, அதன் குடலில் எவை குடியிருக்கின்றன என்ற இரண்டு கேள்விகளுக்குமான விடை. மழை பெய்து எச்சம் கரைந்த பிறகு அங்கே முளைக்கும் புல்லை மேய வருவது புள்ளிமான்.

நோயுற்ற, நலிந்த மான்களைப் பொறுக்கித் தின்று வேட்டை விலங்கு மந்தையை ஆரோக்கியமாக வைத்திருக்கிறது என்று பள்ளிப் பாடத்திலிருந்து சுற்றுலாத் தகவல் பலகை வரை எங்கும் எழுதியிருக்கிறார்கள். செந்நாயைப் பொறுத்தவரை இதில் பாதியை ஒப்புக்கொள்ளலாம். நலிந்த மான் முதலில் மாட்டுவது இயல்புதான். ஆனால் அந்த மானுக்கு நலிவு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், சில சமயம் விடை அந்த முக்கில் கிடக்கும் எச்சத்தில் போய் முடிகிறது.

செந்நாய் பெரிய விலங்கல்ல. ஆண் 15 முதல் 20 கிலோ, பெண் அதைவிடக் குறைவு. வாட்டசாட்டமான தெருநாய் ஒன்றின் எடைதான். வாயைத் திறந்து பார்த்தால்தான் இது வேறு வகை என்பது விளங்கும். நாய், ஓநாய், குள்ளநரி எல்லாவற்றுக்கும் 42 பற்கள். செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் பக்கத்துக்கு மூன்றாக இருக்க வேண்டிய பின்கடைவாய்ப் பற்கள் இரண்டுதான். இறைச்சியை அரியும் பெரிய கீழ்ப்பல்லின் பின்பகுதி பெரும்பாலான நாயினங்களில் இரண்டு முகடுகளோடு அரைப்பதற்கு வசதியாக இருக்கும். செந்நாய்க்கு அங்கே ஒற்றை முகடு, அதுவும் வெட்டும் விளிம்பாகிவிட்டது. பழம், பூச்சி, எலி என்று கிடைத்ததைத் தின்று பிழைக்கும் குள்ளநரியின் வாய் அல்ல இது. மாமிசத்தை மட்டுமே நம்பி, அதையும் வேகமாக அறுத்து விழுங்குவதற்காக அமைந்த வாய். இந்த வேகம் ஏன் முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

பெண் செந்நாய்க்குப் பொதுவாக 12 முதல் 14 முலைக்காம்புகள், சிலவற்றுக்கு 16. வீட்டு நாயைவிட அதிகம். கர்ப்பகாலம் சுமார் 60 நாள். தென்னிந்தியக் காடுகளில் குட்டிகள் பெரும்பாலும் பனிக்காலத்தை ஒட்டிப் பிறக்கின்றன. கூட்டத்தில் வழக்கமாக ஒரு பெண்தான் ஈனும். மற்றவை இரையைத் தின்றுவிட்டு வந்து, குட்டிகளுக்கும் தாய்க்கும் கக்கிக் கொடுக்கும். அவற்றில் ஒன்றிரண்டு வளையருகே காவலிருக்கும். முதுமலையில் அருண் வெங்கடராமன் கூட்டங்களைத் தொடர்ந்து கவனித்தபோது, வளர்ந்தவற்றில் ஆண்களே மிகுதி என்று கண்டார். குட்டிகள் கொஞ்சம் வளர்ந்து வேட்டைக்குப் பின்னால் வரத் தொடங்கியதும் வீழ்த்திய இரையில் முதல் உரிமை அவற்றுக்குத்தான். ஓநாய்க் கூட்டத்தில் முதல் வாய் தலைமை இணைக்கு. இங்கே பெரியவை ஒதுங்கி நின்று குட்டிகளைத் தின்னவிடுகின்றன.

இப்படிப்பட்ட விலங்கைத்தான் ஆங்கிலேயர் காலத்து வேட்டைக்காரர்கள் கொடூரத்தின் வடிவம் என்று எழுதிவைத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே இரையைத் தின்னத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் குற்றச்சாட்டு. தாங்கள் சுட நினைத்த மான்களை இது தின்றுவிடுகிறது என்பது சொல்லப்படாத காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுட்டுக் கொன்றவருக்கு வெகுமதி கொடுக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடுதான் அது ஓய்ந்தது.

செந்நாயைப் பகையாகப் பார்க்காமல் உயிரியலாகப் பார்த்தவர்களில் முன்னோடி ஏ. ஜே. டி. ஜான்சிங். நாங்குநேரியில் பிறந்தவர். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னால் நடந்தார். கழுத்துப்பட்டையில் ரேடியோ பொருத்தித் தேடும் வசதியெல்லாம் இல்லை. புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல், மரத்தில் வந்து உட்காரும் காக்கை, வானில் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகு ஆகியவைதான் வழிகாட்டின. கட்டற்றுத் திரியும் காட்டுப் பாலூட்டி ஒன்றை முறையான கள ஆய்வாகத் தொடர்ந்து படித்த முதல் இந்தியர் அவரே என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்டது. 2024 ஜூனில் காலமானார். அவர் கவனித்த கூட்டம் சுமார் 40 சதுர கிலோமீட்டருக்குள் சுற்றியது, அதன் முதன்மை இரை புள்ளிமான். பின்னால் முதுமலையிலும் நாகரஹொளேயிலும் நடந்த ஆய்வுகளிலும் மானினங்கள்தான் முன்னால் நின்றன.

எச்சத்தைக் கொண்டு உணவைக் கண்டுபிடிப்பது பொறுமை வேண்டும் வேலை. எச்சத்தை மெல்லிய சல்லடையில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசினால் சாம்பல்நிறக் குழம்பு வழிந்தோடி, மயிரும் எலும்புத் துணுக்கும் மிஞ்சும். சில சமயம் மான்குட்டியின் சின்னஞ்சிறு குளம்பு முழுசாக வந்து நிற்கும். மயிரைக் காயவைத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மேல்தோலின் செதில் அமைப்பு, நடுத்தண்டின் அகலம், அதற்குள் இருக்கும் அறைகளின் வடிவம் இவற்றை வைத்து இது புள்ளிமான், இது கடமான், இது முயல் என்று பிரிப்பார்கள். மான் மயிரில் நடுத்தண்டு ஏறக்குறைய முழு அகலத்துக்கும் பரவி, வலைக்கண் வலைக்கண்ணாகத் தெரியும். அதை ஒருமுறை பார்த்தவர் முயல் மயிரோடு குழப்பிக்கொள்ள மாட்டார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நூறு எச்சங்களில் முப்பதில் முயல் மயிர் இருந்தால், செந்நாயின் உணவில் முப்பது விழுக்காடு முயல் என்று சொல்லிவிட முடியாது. சின்ன விலங்குக்கு அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலும் மயிரும் அதிகம். ஒரு கிலோ முயல் தின்றால் வெளியேறும் எச்சம், ஒரு கிலோ கடமான் தின்றால் வெளியேறுவதைவிட அதிகமாக இருக்கும். அமெரிக்காவில் 1970களில் அடைத்து வைத்த ஓநாய்களுக்குப் பலவகை இரைகளை எடைபோட்டுக் கொடுத்து, எச்சங்களை எண்ணி, இந்தக் கணக்கைச் சரிசெய்யும் சமன்பாடு ஒன்றை உருவாக்கினார்கள். செந்நாய் ஆய்வுகளிலும் அந்த முறையைத்தான் கையாண்டார்கள். திருத்தம் செய்தபின் முயலின் பங்கு சுருங்கி மானின் பங்கு பெருகும். பழைய வேட்டைக் குறிப்புகளையும் திருத்தாத விழுக்காடுகளையும் நம்பி இன்றும் எழுதப்படும் கட்டுரைகள் உண்டு என்பதால் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

உல்லாஸ் காரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் நாகரஹொளேயில் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வு மூன்று வேட்டை விலங்குகளை அருகருகே வைத்துப் பார்த்தது. புலியின் முக்கிய இரைகளின் சராசரி எடை 91.5 கிலோ, சிறுத்தைக்கு 37.6, செந்நாய்க்கு 43.4. தனியாகப் பார்த்தால் சிறுத்தையைவிடச் சிறிய விலங்கு, சராசரியில் சிறுத்தையைவிடப் பெரிய இரையை வீழ்த்துகிறது. கூட்டத்தின் பலன் அது. அந்த 43.4 கிலோ ஏறக்குறைய ஒரு பெண் புள்ளிமானின் எடை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த வேகத்துக்கு வருவோம். செந்நாய் தொண்டையைக் கவ்விக் கொல்வதில்லை. ஒன்று மூக்கைப் பிடித்தால் மற்றவை விலாவையும் பின்தொடையையும் கிழிக்கும். இருபது கிலோவைச் சுற்றியுள்ள இரை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய ஆண்மான் கால்மணி நேரம்வரை நிற்கும். அடித்துக்கொள்வது குறைவு, போட்டி முழுவதும் யார் வேகமாக விழுங்குவது என்பதில்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு செந்நாய் நான்கு கிலோவரை தின்னும். புலி வந்து பறிக்கலாம், மனிதரும் வரலாம். செந்நாய் வீழ்த்திய மானில் காட்டு மக்கள் பங்கெடுத்துக்கொள்ளும் வழக்கம் தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கிறது. ஆகவே சத்தும் மென்மையும் மிகுந்த உறுப்புகள் முதலில் போகும். ஜான்சிங்கின் பதிவுகளில் இதயமும் ஈரலும் முன்வரிசையில் வருகின்றன. இரைப்பையில் இருக்கும் அரைபட்ட புல்லை ஒதுக்கிவிடும். தின்று முடித்ததும் தண்ணீர். குறுந்தொகையின் 56ஆம் பாடலில், வேட்டையாடிய செந்நாய் தோண்டிக் குடித்து மிச்சம் வைத்த அழுகல் நீர் வருகிறது. பாலைநில வழியின் கொடுமையைச் சொல்ல வந்த புலவர், விலங்கின் பழக்கத்தையும் சரியாகவே கவனித்திருக்கிறார்.

சூடு ஆறாத இதயத்தையும் ஈரலையும் பச்சையாக, பத்து வாய்கள் பங்கிட்டு விழுங்குவது என்பது ஒட்டுண்ணிக்குத் திறந்துவிட்ட கதவு. செந்நாயின் உணவைப் பற்றி ஒரு கட்டுரையும் அதன் ஒட்டுண்ணிகளைப் பற்றி இன்னொரு கட்டுரையும் தனித்தனியே எழுதுவது வசதியாக இருக்கலாம். காட்டில் அவை இரண்டும் ஒரே செய்தி.

எல்லா ஒட்டுண்ணியும் இரை வழியாகத்தான் வருகிறது என்றில்லை. செந்நாய் எச்சங்களில் காணப்பட்டவற்றில் டாக்ஸோகாரா கேனிஸ் என்ற உருளைப்புழு ஒன்று. அதன் முட்டை மண்ணில் கிடந்து முதிர வேண்டும். வீட்டு நாய்களில் இதன் பயணம் நன்றாகத் தெரியும். வளர்ந்த பெட்டையின் தசைகளில் இளம்புழுக்கள் உறங்கிக் கிடந்து, அது சினையாகும்போது விழித்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடும். குட்டி பிறக்கும்போதே புழுவோடு பிறக்கிறது. டிப்பிலிடியம் என்ற நாடாப்புழுவுக்கு இடைத்தங்கல் தெள்ளுப்பூச்சி. மயிரைக் கடித்துச் சொறியும்போது பூச்சியை விழுங்கினால் புழுவும் உள்ளே போகும். ஒன்றையொன்று நக்கிச் சுத்தப்படுத்தி, நெருங்கிப் படுத்து உறங்கும் கூட்ட விலங்குக்கு இது தப்பாது. ஐசோஸ்போரா என்ற ஒற்றைச்செல் உயிரியும் பட்டியலில் உண்டு. கூட்டமாக வாழ்வதன் கூலி இவை.

என் கவனத்தைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று: சார்கோசிஸ்டிஸ். இந்த ஒற்றைச்செல் ஒட்டுண்ணிப் பேரினம் முழுவதற்கும் இரண்டு ஓம்புயிரிகள் வேண்டும். ஒன்று தின்னும் விலங்கு, மற்றொன்று தின்னப்படும் விலங்கு. புள்ளிமானுக்கும் செந்நாய்க்கும் இடையில் ஓடும் இனத்துக்கு, இருவரின் அறிவியல் பெயர்களையும் ஒட்டி, சார்கோசிஸ்டிஸ் ஆக்சிகுவானிஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இந்தப் பேரினத்தின் தொற்றுள்ள இரைவிலங்கின் தசையை மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றிப் பார்த்தால், தசைநாரின் உள்ளேயே நீளவாட்டில் ஒரு பை கிடக்கும். பைக்குள் வாழைப்பழம்போல் வளைந்த நுண்ணிய செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அவை அங்கே வளர்வதில்லை, பெருகுவதும் மந்தம். தசைக்குச் சொந்தக்கார விலங்கை யாராவது தின்ன வேண்டும், அதற்குத்தான் காத்திருப்பு.

செந்நாய் அந்தத் தசையைத் தின்றதும் பை கரையும். வெளிவந்த செல்கள் குடற்சுவருக்குள் புகுந்து, நேரே ஆண், பெண் வடிவங்களாக மாறிக் கூடுகின்றன. விளைவது ஸ்போரோசிஸ்ட் எனும் உறையிட்ட நுண்துகள், ஒவ்வொன்றிலும் தொற்றக்கூடிய நான்கு உயிரிகள். டாக்ஸோகாரா முட்டைபோல் மண்ணில் முதிரக் காத்திருக்க வேண்டியதில்லை. எச்சத்தோடு விழும்போதே தயார். புல்லோடும் நீரோடும் மானுக்குள் போனால், முதலில் இரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் பெருகும். இடையில் இருக்கும் விலங்குக்கு உடம்பு கெடுவது இந்தக் கட்டத்தில்தான். இதே பேரினத்தில் மாட்டைத் தொற்றும் இனத்தால் காய்ச்சல், இரத்தச்சோகை, தீனி எடுக்காமை, சினைக்கலைவு எல்லாம் பதிவாகியிருக்கின்றன. பிறகு தசைகளுக்குப் போய்ப் பையாக உட்கார்ந்துவிடும். தின்னும் விலங்குக்கோ பெரும்பாலும் பெரிய தொந்தரவு கிடையாது. ஒரே ஒட்டுண்ணி, ஒரு பக்கம் கொடுமை, மறுபக்கம் சலுகை.

இந்தப் பாரபட்சம் தற்செயலா என்று கேட்டவர் புனேயைச் சேர்ந்த மிலிந்த் வாட்வே. முதுமலைப் பாலூட்டிகளின் சாணத்திலும் எச்சத்திலும் ஒட்டுண்ணிகளைத் தேடியவர். யானை ஆய்வாளர் ரா. சுகுமாருடன் சேர்ந்து 1995இல் அந்தக் காட்டின் ஒட்டுண்ணிகளைப் பற்றி எழுதிய கட்டுரை பெயர் பெற்றது. 2005இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த வாதம் இது: ஒட்டுண்ணி மானை நலியச் செய்தால் செந்நாய்க்கு வேட்டை சுலபமாகிறது. மான் தின்னப்பட்டால் ஒட்டுண்ணிக்கு வாழ்க்கை நிறைவேறுகிறது. இருவரின் ஆதாயமும் ஒன்று. அப்படியானால் செந்நாய் அந்த ஒட்டுண்ணியை எதிர்த்துத் துரத்துவதைவிடப் பொறுத்துக்கொள்வதுதான் நல்லது. வேட்டையாடிக்கும் ஒட்டுண்ணிக்கும் இடையே பரிமாற்ற உறவு ஒன்று இருக்கலாம்.

கேட்க அழகாக இருக்கும் எந்தக் கருத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. அவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள், விளையாட்டுக் கோட்பாட்டுக் கணித மாதிரி ஒன்றில் போட்டு அலசினார்கள். இடறும் இடம் இதுதான்: செந்நாய் ஒன்று குடலில் ஒட்டுண்ணியை வளர்க்காமல் எதிர்த்துவிட்டது, ஆனால் வேறு செந்நாய்கள் பரப்பிய தொற்றால் தளர்ந்த மானைத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு அடுத்தவனுக்கு, இலாபம் தனக்கு. அத்தகைய செந்நாய்கள் பெருகினால் உறவு குலைந்துவிடும். ஆகவே ஒரு கூட்டம் கழிக்கும் எச்சத்திலிருந்து கிளம்பும் ஒட்டுண்ணி பெரும்பாலும் அதே கூட்டத்தின் வயிற்றுக்கே திரும்ப வேண்டும். நலிந்த மானைப் பிடிப்பதில் கிடைக்கும் ஆதாயமும் கணிசமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால்தான் உறவு நிலைக்கும் என்று கணக்கு சொன்னது. இன்னொரு விடை எதிர்பாராதது. ஒட்டுண்ணி சாந்தமாகிக்கொண்டே போகாது, மிதமான கொடுமையில் நின்றுவிடும். மானை ஒன்றும் செய்யாத ஒட்டுண்ணியால் செந்நாய்க்கு என்ன பயன்?

இப்போது செந்நாயின் அடிப்படை வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. எல்லை வகுத்து ஒரே பகுதியில் சுற்றும் கூட்டம். அதே பகுதியைவிட்டுத் தொலைவு போகாத புள்ளிமான் மந்தை. உணவில் பெரும்பங்கு அந்த ஒரே மான். ஒரே முக்கில் குவியும் எச்சம். முதலில் தின்னப்படும் இதயம். மாதிரி கேட்ட நிபந்தனைகளுக்கு இவ்வளவு பொருந்திவரும் விலங்குகள் அதிகம் இருக்காது. மான்கூட்டத்தைச் சுத்தப்படுத்தும் துப்புரவாளர் என்று செந்நாயைப் புகழ்வது எனக்கு உவப்பாக இல்லாததும் இதனால்தான். அது தன் இரையைத் தானறியாமல் முன்கூட்டியே தளர்த்திவைக்கிறது என்பதுதான் உண்மைக்கு நெருக்கம். அதற்காக மறுபடி கொடூரம் என்ற பழைய சொல்லுக்குப் போக வேண்டியதில்லை. கனடாவில் மூஸ் மானின் நுரையீரலில் கட்டி கட்டும் எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவையும் அந்த மானை ஓநாய் வேட்டையாடுவதையும் இணைத்து இதே கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள். பழைய ஏற்பாடுதான், ஆள்கள்தாம் வேறு.

இந்த ஏற்பாட்டில் இடமில்லாத நோய்களும் உண்டு. வெறிநாய்க்கடி நோய், கேனைன் டிஸ்டெம்பர், பார்வோ வைரஸ், சொறி. சார்கோசிஸ்டிஸுக்குச் செந்நாய் உயிரோடு, பசியோடு, வேட்டையாடிக்கொண்டு இருக்க வேண்டும். டிஸ்டெம்பர் வைரஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காட்டோரக் கிராமங்களிலும் விடுதிகளைச் சுற்றியும் திரியும் தடுப்பூசி போடாத நாய்களே அதற்குப் போதும். செந்நாய்க் கூட்டம் ஒன்று அழிந்தாலும் வைரஸுக்கு நட்டமில்லை. 1994இல் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு டிஸ்டெம்பரில் மடிந்தது. 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. ஒன்றுக்கொன்று கக்கிக் கொடுத்து வாழும் விலங்குக்குள் அது நுழைந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதில் எஞ்சியிருக்கும் செந்நாய்கள் 949 முதல் 2,215 வரை என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு. எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்து ஆள் ஆளாக அடையாளம் கண்டு கணக்கிட்டதில், வயநாடு சரணாலயத்தில் சுமார் 50 செந்நாய்கள் என்று 2021இல் வெளியான ஆய்வு கூறியது.

வாட்வேயின் கருத்துக்கு இன்னும் வேண்டியது களச்சான்று. தொற்று மிகுந்த மான்தான் அதிகமாக மாட்டுகிறது என்று காட்ட, செந்நாய் கொன்ற மான்களையும் வேறு காரணத்தால் இறந்த மான்களையும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது வகை முதுமலை, பந்திப்பூர் காடுகளுக்கு ஊடே ஓடும் மைசூரு – உதகை சாலையில் கிடைக்கும். வண்டி மோதிச் சாகும் புள்ளிமானை வனத்துறைக் கால்நடை மருத்துவர் எப்படியும் பிணக்கூறாய்வு செய்கிறார். அப்போது இதயத்தில் ஒரு துண்டு, நாக்கில் ஒரு துண்டு எடுத்து ஃபார்மலினில் போட்டுவைப்பது பெரிய செலவில்லை. கடினம் முதல் வகையில்தான். செந்நாய் கொன்ற இடத்துக்கு ஆய்வாளர் போய்ச் சேரும்போது இதயம் இருக்காது. நாக்கும் கழுத்துத் தசையும் எஞ்சியிருந்தால் அவற்றில் பைகளை எண்ணலாம். ஆகவே சாலையில் இறந்த மான்களில் இதயத்துக்கும் நாக்குக்கும் தொற்றளவு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.